உயரத்தைக் கேட்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள்

இலங்கைத் தேயிலையை வாங்குகிறவர் முதலில் கேட்பது உயரத்தை. கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றர் வரை தாழ்நிலத் தேயிலை, 600 முதல் 1,200 மீற்றர் வரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை என்று கொழும்பு ஏலத்தில் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு தொழிற்சாலை நிற்கும் இடத்தை வைத்துப் போடப்படுகிறது. கொழுந்து எந்த மலையில் பறிக்கப்பட்டது என்பதை அது கேட்பதில்லை. விவசாயத் திணைக்களமோ இதே நாட்டை வேறு கோலால் அளக்கிறது. அதற்கு 300 முதல் 900 மீற்றர் வரைதான் இடைநாடு. ஆக, கண்டி மாவட்டத்தின் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து மலையொன்றில் 1,000 மீற்றர் உயரத்தில் நிற்கும் தேயிலைச் செடி, தரகரின் ஏட்டில் இடைநிலத்தது, விவசாய அதிகாரியின் ஏட்டில் மலைநாட்டுக்குரியது. எல்லைக்கோடுகள் இவ்வாறு ஆளுக்கு ஆள் மாறும்போது, ஒரு பிரதேசத்தின் கொழுந்துக்கு அதன் குணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு உயரத்தை மட்டும் விடையாகச் சொல்லிவிட முடியாது. உயரம் குளிரைப் பற்றிச் சொல்லும். காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வருகிறது, மழை மலையின் எந்த முகத்தில் விழுகிறது, விழுந்த மழையில் எவ்வளவை மண் பிடித்து வைக்கிறது என்பவற்றை அது சொல்லாது. இவற்றில் நம் கைக்கு எட்டுவது மண் ஒன்றே. கண்டிச் சுற்றுப்புறத் தேயிலை இன்று சந்தையில் பின்னுக்கு நிற்பதற்கு மண் கரைந்து போனதே முதற்காரணம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

உயரத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். 100 மீற்றர் ஏறும்போது வெப்பம் ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி நகரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 24 பாகை செல்சியஸை ஒட்டியது. 1,900 மீற்றரை நெருங்கும் நுவரெலியாவில் அது 16 பாகை அளவு. சுமார் 22 பாகையில் தேயிலையின் விளைச்சல் உச்சத்தை எட்டுகிறது என்று தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. அதைவிடக் குளிர்ந்த இடத்தில் துளிர் மெதுவாக வளரும். விளைச்சல் குறையும், மணம் செறியும். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் நிற்கும் கலஹா மலைகள் வெப்பத்தைப் பொறுத்தவரை தேயிலைக்கு மிகவும் உகந்தவை. குளிர்ந்த நாட்டுச் செடியை வெயிலில் நட்டுவிட்டோம் என்று இங்கே யாரும் வருந்த வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இப்பகுதியின் விளைச்சலும் மணமும் ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே வெகுவாக வேறுபடுகின்றன என்றால், வெப்பத்தைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணத்தைத் தெளிவாகக் காட்டுவன திம்புள்ளையும் ஊவாவும். இரண்டிலும் ஒரே உயரத்தில் தேயிலை நிற்கிறது. இரண்டும் ஒரே மத்திய மலைத்திணிவின் சரிவுகள்; திம்புள்ளை மேற்கே, ஊவா கிழக்கே. ஆனால் திம்புள்ளையின் சிறந்த தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. ஊவாவின் சிறந்த தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, சுமந்துவந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. கிழக்கில் அதைக் கச்சான் என்கிறோம். அந்தக் காற்றில் ஊவாவின் செடி நீருக்குத் தவிக்கிறது; துளிர் சுருங்கி, தன்னைக் காத்துக்கொள்ள மணப்பொருள்களை மிகுதியாக உண்டாக்குகிறது. ஊவாத் தேயிலையின் பேர்போன குளிர்ச்சி மணத்துக்கு மெதைல் சாலிசிலேட் என்னும் பொருள் முக்கிய காரணம். திம்புள்ளையில் இதே வேலையை ஆண்டின் தொடக்கத்து வறண்ட குளிர் செய்கிறது. உயரம் ஒன்று, காற்று வேறு. ஆகவே பருவம் வேறு, மணமும் வேறு. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நல்ல பருவம் என்று நாம் சொல்வது செடியைப் பொறுத்தவரை ஒரு துன்பப் பருவம். அளவான துன்பம் மணமாகிறது. அளவு மிஞ்சினால் செடி துளிர்விடாமல் வங்கியடித்து நின்றுவிடும், அதையும் தாண்டினால் பட்டுப்போகும். அந்த அளவைத் தீர்மானிப்பது வேர் இருக்கும் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம்.

கலஹா இந்த இரண்டு காற்றுகளுக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே ஹந்தானைத் தொடர் மறைக்கிறது. தெற்கே உயர்ந்த மலைத்திணிவு நிற்கிறது. கிழக்கே ஹேவாஹெட்டப் பக்கம் போகப் போக ஈரவலயம் மெலிந்து இடைவலயமாகிறது. கண்டியில் ஆண்டின் அதிக மழை தென்மேல் பருவத்தில் பெய்வதில்லை; ஒக்டோபர், நவம்பர் மாதத்து இடைப்பருவத்தில்தான் பெய்கிறது. பெப்ரவரியை ஒட்டி மிகக் குறைந்த மழை. கண்டித் தேயிலையின் நல்ல பருவம் ஆண்டின் முதற் காலாண்டில் அமைவது இதனால்தான். ஆனால் மாவட்டத்துக்குப் பொதுவான இந்தக் கணக்கு உங்கள் மலைக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. தென்மேற்கைப் பார்த்த சரிவு ஜூன் மாதத்தில் நனைந்துகொண்டிருக்கும்போது, அதே மலையின் மறுமுகம் வெறும் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கலாம். கிழக்கு முகத்தில் காலை வெயில் விழுந்து பனி சீக்கிரம் உலரும். மேற்கு முகம் பிற்பகல் வெயிலில் காயும். ஆகவே முதல் வேலை, உங்கள் துண்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு மழைமானியை வைத்து நாள்தோறும் எழுதி வருவது. இரண்டு, மூன்று ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால் பசளை எப்போது போடுவது, கவ்வாத்து எப்போது வெட்டுவது, நிழல்மரக் கிளைகளை எப்போது கழிப்பது என்பதையெல்லாம் ஊகத்துக்கு விடாமல் முடிவு செய்யலாம்.

உலகத்தில் நிலத்தின் பெயரால் விலை பெறும் பொருள்களில் திராட்சை மதுவுக்கே மூத்த இடம். பிரான்சு 1935இல் ஊர்ப் பெயரைச் சட்டத்தால் காக்கும் ஏற்பாட்டைச் செய்தது. டார்ஜிலிங் தேயிலை 2004இல் இந்தியாவின் முதலாவது புவிசார் குறியீட்டைப் பெற்றது. மதுவிலிருந்து தேயிலைக்காரர் கற்க வேண்டியது ஒன்று உண்டு, கற்கக் கூடாதது ஒன்றும் உண்டு. கூடாதது: மண்ணிலுள்ள கல்லும் கனிமமும் நேரே கோப்பைக்கு வந்து சுவைக்கின்றன என்ற கதை. அதற்கு ஆதாரம் இல்லை. கற்க வேண்டியது: போர்தோவின் பரல் நிலம் நீரை விரைவாக வடித்து வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது; மோசெல் ஆற்றங்கரையின் கருஞ்சிலேட்டு பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக் குளிர்நாட்டில் கனியைப் பழுக்க வைக்கிறது. நீரையும் வெப்பத்தையும் வேருக்கு அளந்து கொடுப்பதே மண்ணின் வேலை. இதில் திராட்சையை விடத் தேயிலை கடுமையான பயிர். திராட்சை ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகிறது. ஓராண்டின் ஏற்ற இறக்கங்கள் ஒரு கனியில் கலந்து சமப்பட்டுவிடும். கொழுந்தோ ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கப்படுகிறது. மண்ணில் ஈரம் குறைந்த வாரத்தின் விளைவு அந்த வாரத்துத் தேயிலையிலேயே தெரிந்துவிடும். ஒரு வாரத்து வறட்சியைத் தாங்கிக் கொடுக்கும் ஆழமண் இருக்கிறதா என்பது தேயிலைக்குத் திராட்சையைக் காட்டிலும் அவசரமான கேள்வி.

இனி இங்குள்ள மண்ணின் கதை. கண்டி மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. அவை வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் சிதைந்து உருவான செம்பழுப்பு மண் இயல்பில் ஆழமானது, நீரை நன்கு வடிப்பது, அமிலத்தன்மை உடையது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பி.எச். தேவை, பெரும்பாலான பயிர்கள் விரும்பாத இந்த அமில மண்ணே தேயிலைக்கு வீடு. குறை மண்ணின் பிறப்பில் இல்லை, அதற்கு நேர்ந்ததில்தான் இருக்கிறது. இலங்கையில் கோப்பித் தோட்டம் முதலில் பரவியது கண்டியைச் சுற்றித்தான். 1830களிலிருந்து காடு வெட்டி எரிக்கப்பட்டு, சரிவுகள் திறக்கப்பட்டு, புல் பூண்டு இல்லாமல் சுரண்டித் துப்புரவாக வைக்கப்பட்டன. கலஹாவுக்கு அப்பாலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை நட்டபோது, சுற்றிலும் கோப்பியே நின்றது. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து அந்த நிலங்களில் தேயிலை ஏறியது. ஆகவே இங்குள்ள பல மலைகளில் தேயிலை கன்னி மண்ணில் வளரவில்லை. ஏற்கெனவே ஒரு பயிருக்கு மேல்மண்ணைக் கொடுத்துவிட்ட நிலத்தில் வளர்ந்தது. பழைய விதைத் தேயிலை மலைகளில் வரிசைகள் பல இடங்களில் சரிவோடு மேலிருந்து கீழாகவே போடப்பட்டன. செடிக்குச் செடி இடைவெளியும் அதிகம். ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு இடைப்பருவ மழையும் அந்த வழியே இறங்கி மகாவலிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மண் கரைவது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால்தான் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டெயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மண் போனால் அது 10 கன மீற்றர். எடையில் 12 தொன் அளவு. ஒரு மில்லிமீற்றர் இறங்கியதை எவர் கண்ணும் காணாது. பத்தாண்டு அப்படிப் போனால் ஒரு சென்ரிமீற்றர், நூறாண்டில் பத்து. ஊட்டத்தில் பெரும்பகுதி தங்கியிருக்கும் மேல்மண்ணே பல மலைகளில் அதைவிட அதிகமாக இருப்பதில்லை. உங்கள் நிலத்தில் என்ன நடந்திருக்கிறது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. செடியின் அடிக்கட்டையைப் பாருங்கள்: வேர் பிரியும் இடம் தரைக்கு மேலே தெரிந்தால், நட்ட காலத்திலிருந்து அவ்வளவு மண் இறங்கியிருக்கிறது. தரையில் வெண்பரல் கற்கள் விரித்ததுபோலக் கிடந்தால், மென்மண் போய்க் கல் மட்டும் தங்கியிருக்கிறது. பிறகு மண்வெட்டியை எடுத்து, செடி வரிசைக்கு இடையில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். கருமை கலந்த மேல்மண் எத்தனை அங்குலம், வேர் எதுவரை இறங்குகிறது, எங்கே கல்லிலோ இறுகிய அடுக்கிலோ முட்டி நிற்கிறது என்பவற்றை எழுதுங்கள். மலையின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குழிகள் வேண்டும். அடியில் மட்டும் வெட்டிப் பார்த்தால், மேலிருந்து வந்து சேர்ந்த மண்ணைக் கண்டு ஏமாந்து போவீர்கள். மழைமானிக் குறிப்பையும் இந்தக் குழிகளையும் சேர்த்துப் பார்த்தால், பெப்ரவரி வறட்சியில் எந்தப் பகுதி நின்று கொடுக்கும், எந்தப் பகுதி முதலில் வாடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். தேயிலையின் சுவை மண்ணில் இல்லை, தொழிற்சாலையில்தான் இருக்கிறது என்பது ஒன்று. இதைச் சொல்பவர்கள் தாழ்நிலத்தைக் காட்டுவார்கள். ருகுணு, சப்ரகமுவப் பகுதிகளின் தேயிலைக்கு மலைக்குளிரும் இல்லை, கச்சானும் இல்லை. ஆனாலும் நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது, ஏலத்தில் இடைநிலத் தேயிலையைவிட நல்ல சராசரி விலையும் பெறுகிறது. இது உண்மை, மேற்காசியச் சந்தை விரும்பும் கறுத்த, முறுக்கிய இலைவகைகளைச் செய்யும் தொழில்திறனுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் இந்தச் சான்று உயரமே எல்லாம் என்பவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறதே தவிர, மண்ணுக்கு எதிராகப் பேசவில்லை. வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல் என்ற ஒவ்வொரு கட்டத்திலும் கொழுந்தில் உள்ளதைக் காக்கலாம் அல்லது கெடுக்கலாம். வறண்டு முற்றி வந்த வங்கிக் கொழுந்தை எந்த உருளையும் இளங்கொழுந்தாக்கித் தராது. செடியின் இனம்தான் எல்லாம் என்பது மற்றொரு மறுப்பு. டி.ஆர்.ஐ. 2025 போன்ற தெரிந்தெடுத்த இனங்கள் விளைச்சலைப் பெருக்கியதை மறுக்க முடியாது. ஆனால் வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பீ. செடிக்கு விதைத் தேயிலையைப் போன்ற ஆணிவேர் இல்லை. மண் ஆழமாக இருக்கும் இடத்தில் இது குறையாகத் தெரியாது. மேல்மண் போன மலையில், பழைய விதைச்செடி தாக்குப்பிடிக்கும் வறட்சியில் புதுச்செடி முதலில் வீழும். புது இனம் கேட்கும் மண் பழையதைவிட அதிகம் என்பதால், மறுநடுகைக்குச் செலவிடப் போகிறவர் முதலில் மண்ணுக்குத்தான் செலவிட வேண்டும்.

பசளை போட்டால் மண்ணின் குறை தீராதா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு நாடே பெருவிலை கொடுத்துப் பதில் பெற்றிருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதே காலத்தில் சேர்ந்துகொண்டது என்றாலும், வீழ்ச்சியின் பெரும்பகுதிக்குப் பசளையின்மையே காரணம். பசளை வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பசளை நின்றதும் செடி இவ்வளவு விரைவாகச் சோர்ந்தது, மண்ணில் சொந்தச் சேமிப்பு என்று எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. மக்கு குறைந்த மண்ணில் போட்ட தழைச்சத்தின் ஒரு பகுதி அடுத்த மழையில் கானோடு போய்விடும். பணம் கொடுத்து வாங்கியது ஆற்றுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், அதைப் பிடித்து வைக்கும் மண் முதலில் வேண்டும்.

செய்ய வேண்டியவற்றுள் தலையாயது கான். சமவுயரக் கோட்டை ஒட்டி, 120 அடி ஓட்டத்துக்கு ஓரடி தாழ்வாக வெட்டிய குறுக்குக் கான்களும், அவற்றுள் இடையிடையே மண் தங்கும் குழிகளும் இருந்தால், தண்ணீர் ஓடுவதை நிறுத்தி நடக்கத் தொடங்கும். வெட்டினால் மட்டும் போதாது. ஒக்டோபர் மழைக்கு முன் தூர்வாரி, வாரிய மண்ணைக் கானுக்கு மேற்புறம் போட வேண்டும். கீழ்ப்புறம் போட்டால் அடுத்த மழை அதைக் கொண்டுபோய்விடும். 70 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் தேயிலையைப் பிடித்துவைக்கப் போராடாதீர்கள். அதை மரத்துக்கு விட்டுவிடுங்கள். மிகவும் தேய்ந்துபோன பகுதியில் பழைய செடியைப் பிடுங்கிய கையோடு கன்று நடுவது பெருந்தவறு. குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வளர்த்து, அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்பிய பிறகே நட வேண்டும். களையைக் கரண்டியால் சுரண்டுவது கோப்பிக் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். சுரண்டிய தரையில் மழை விழும்போது மண் உடைந்து ஓடும். படர்ந்து தரையை மூடும் மென்களையை விட்டுவிட்டு, செடியோடு போட்டியிடும் களையை மட்டும் கையால் பிடுங்குவதும் வெட்டுவதும் போதும். கவ்வாத்துக்குப் பின் வெட்டிய வாதுகளை மலையிலேயே விடுவது மண்ணுக்கு இலவசமாகக் கிடைக்கும் பெரிய உணவு. ஆனால் லயத்தில் அடுப்பெரிக்க வேறு விறகு இல்லாத குடும்பத்திடம் இதைச் சொல்வதில் பயனில்லை. ஆகவே எல்லைகளிலும் கான் ஓரங்களிலும் கிளிரிசிடியா, முள்முருங்கை, கிரவிலியா போன்றவற்றை நடுங்கள். தடித்த கிளை அடுப்புக்கு, தேயிலையின் இலையும் மெல்லிய வாதும் மண்ணுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். கவ்வாத்தோடு சேர்த்து, மண் பரிசோதனை சொல்லும் அளவில் டோலமைட் போடுங்கள். அளவு மிஞ்சினால் தேயிலைக்கு வேண்டிய அமிலத்தன்மையே போய்விடும். வறண்ட மண்ணில் கவ்வாத்து வெட்டாதீர்கள்.

இவ்வளவும் சரி, இதற்கு ஆள் எங்கே, கூலி எங்கே என்பதே கடைசியாக எழும் மறுப்பு. எல்லாவற்றிலும் வலுவானதும் அதுதான். கான் வெட்டிய ஆண்டில் கொழுந்து அதிகரிக்காது. பலன் வர மூன்று, நான்கு ஆண்டு செல்லும். நிலம் தனக்கு எத்தனை ஆண்டு இருக்கும் என்று தெரியாதவர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பராமரித்துக் கொழுந்து கொடுக்கும்படி தேயிலைத் துண்டுகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை இப்போது தோட்டங்களில் பரவி வருகிறது. அப்படி ஒரு துண்டு உங்களுக்குத் தரப்பட்டால், செடிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னபடி மூன்று குழி வெட்டிப் பாருங்கள். மண்ணைச் சீராக்க ஆகும் செலவை யார் ஏற்பது, சீரான பிறகு எத்தனை ஆண்டு உங்கள் கையில் இருக்கும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். சொந்தச் சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் ஓராண்டில் முழு நிலத்தையும் திருத்த முயல வேண்டாம். கவ்வாத்து முறைப்படி எந்தப் பகுதி வருகிறதோ அந்தப் பகுதிக்குக் கானும் மரமும் என்று பிரித்துச் செய்தால், ஒரு கவ்வாத்துச் சுற்றில் முழுத் தோட்டமும் முடிந்துவிடும். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் இடைநாட்டு நிலையம் ஹந்தானையில், மலைக்கு மறுபுறத்திலேயே இருக்கிறது. சிறுதோட்டக்காரர்களுக்குத் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர்களும் உண்டு. மண் மாதிரியையும் மழைக் குறிப்பேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்பே அவர்களிடம் போங்கள்.